அலுவலகக் கணினிக்கு எது: விண்டோஸா, மேக்கா, லினக்ஸா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். ஆளும் எண்ணிக்கையும் மட்டும் மாறும். அண்மையில் வந்த ஒன்று இது: "அலுவலகத்தில் பதினான்கு கணினிகள். எட்டு கணினிகள் விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்று காட்டுகின்றன. எல்லாவற்றையும் மேக்காக மாற்றிவிடலாம் என்கிறார் கூட்டாளி. லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு வீண்செலவு என்கிறான் அக்கா மகன். எதை மாற்றினாலும் வேலையை விட்டுப் போய்விடுவேன் என்கிறார் கணக்குப் பார்ப்பவர். நீங்களே சொல்லுங்கள்."

நான் கணக்குப் பார்ப்பவரிடமிருந்து தொடங்குவேன். அவர் பிடிவாதக்காரராகவே இருக்கட்டும். அவர் தினமும் திறக்கும் மென்பொருள் எது, அது எங்கே ஓடும், எங்கே ஓடாது என்பதில்தான் இந்த முடிவின் முக்கால் பங்கு இருக்கிறது. சிறு நிறுவனங்களின் கணினிகளைப் பராமரிப்பது என் பிழைப்பு. இயங்குதளத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வேலையை அதற்குள் திணிக்கப் பார்த்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டிய கதைதான்.

## எதை வைத்து எடை போடுவது

விட முடியாத மென்பொருள். ஒவ்வொரு மேசையிலும் என்னென்ன திறக்கப்படுகிறது என்று எழுதுங்கள். ஒரு வாரம் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மாதக் கடைசியில் மட்டும் திறக்கும் சம்பளக் கோப்பு, ஆண்டுக்கு ஒருமுறை வரி தாக்கல் செய்யும்போது மட்டும் செருகும் மின்கையொப்பக் கருவி, தணிக்கையாளர் கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் பழைய தரவுத்தளம் ஆகியவைதான் மாற்றத்தைக் கவிழ்ப்பவை. தினமும் பயன்படும் எதையும் யாரும் மறப்பதில்லை.

செருகும் கருவிகள். பிரிண்டர், ஸ்கேனர், பார்கோடு ஒட்டுத்தாள் அச்சிடும் கருவி, விரல்ரேகை வருகைப்பதிவு. ஒவ்வொன்றுக்கும் டிரைவர், அதாவது கணினி அந்தக் கருவியோடு பேச உதவும் சிறு நிரல், வேண்டும். எந்த இயங்குதளத்துக்கு டிரைவர் தரலாம் என்று முடிவு செய்வது கருவியைத் தயாரித்தவர்.

பழுது பார்க்கும் ஆள். காலை பத்து மணிக்கு ஒரு கணினி எழாவிட்டால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அவருக்கு எது தெரியும்? உலகத்திலேயே சிறந்த இயங்குதளமாக இருந்தாலும், அதைத் தெரிந்த ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் உங்களுக்கு அது சிறந்ததாக இராது.

எத்தனை ஆண்டு? பாதுகாப்புப் புதுப்பிப்பு எதுவரை வரும், அந்தத் தேதியை எழுத்தில் யாராவது தந்திருக்கிறார்களா?

ஐந்தாண்டுச் செலவு. வாங்கும் விலை இதில் ஒரு வரி மட்டுமே. உரிமம், பயிற்சி, பழுது, முடங்கிய மணிநேரம், கடைசியில் விற்றால் கிடைப்பது எல்லாம் சேர வேண்டும்.

வெளியேறும் வழி. மூன்றாண்டு கழித்து மனம் மாறினால் உங்கள் தரவை எவ்வளவு எளிதாக எடுத்துச் செல்லலாம்?

பாதுகாப்பு ஏன் தனி வரியாக இல்லை என்று கேட்கலாம். புதுப்பிப்பு தடையின்றி வரும் எந்த இயங்குதளமும் சிறு நிறுவனத்துக்குப் போதுமான பாதுகாப்புடன்தான் இருக்கிறது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அடிபட்டவர்கள், அதை நிறுவாதவர்களும் ஆதரவு முடிந்த பழைய பதிப்பை ஓட்டியவர்களும்தான். போலி மின்னஞ்சலைச் சொடுக்கிக் கடவுச்சொல்லைத் தட்டுபவருக்கோ மேக், லினக்ஸ் எதுவும் காவல் நிற்காது. ஆகவே பாதுகாப்பை 'எத்தனை ஆண்டு' என்ற கேள்விக்குள்ளேயே அடக்கிவிட்டேன்.

## விண்டோஸ்

இதன் பெரிய பலம் அழகோ வேகமோ கிடையாது; பழையதைக் கைவிடாத குணம். இருபது ஆண்டுக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த 32-பிட் பில் மென்பொருள் விண்டோஸ் 11-இல் இன்றும் பெரும்பாலும் ஓடும். (அதற்கும் முந்தைய 16-பிட் வகை மட்டும் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 64-பிட் பதிப்பு மட்டுமே உண்டு. அதில் 16-பிட் நிரல்களுக்கு இடமில்லை.) சந்தைக்கு வரும் எந்தக் கருவிக்கும் முதலில் விண்டோஸ் டிரைவர்தான் வருகிறது. பழுது பார்க்கும் ஆளும் எளிதில் கிடைப்பார். என் முதல் மூன்று அளவுகோல்களில் விண்டோஸ் முன்னால் நிற்கிறது என்பதை லினக்ஸ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் வீட்டில் லினக்ஸ்தான் வைத்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது, ஹோம் பதிப்பு. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அதை நிறுவன வலையமைப்பில் சேர்த்து ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்த முடியாது. எல்லாக் கணினிக்கும் ஒரே விதிகளை இடும் குழுக் கொள்கைகள் கிடையாது. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழையவும் முடியாது. நான்கு கணினிகள் வரை சமாளிக்கலாம். பத்தைத் தாண்டினால் ஒவ்வொன்றின் முன்பும் நேரில் உட்கார வேண்டியிருக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பணம் கட்டி ப்ரோ பதிப்புக்கு ஏற்றுவீர்கள். வாங்கும்போதே ப்ரோ கேளுங்கள்.

இரண்டாவது, வன்பொருள் வாசல். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-இல்தான். அதற்கு முந்தைய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாசலில் நிறுத்தப்படும். இந்தச் சோதனையை ஏய்த்து நிறுவும் குறுக்குவழிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. வீட்டில் விளையாடிப் பாருங்கள். சம்பளக் கோப்பு இருக்கும் கணினியில் வேண்டாம். அப்படி நிறுவியவற்றுக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

விண்டோஸ் 10-இலேயே தங்க விரும்பும் நிறுவனங்களுக்குக் கட்டணப் புதுப்பிப்பு உண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு. கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிக்கும். மூன்றாண்டும் கட்டினால், மொத்தம் முதலாண்டுக் கட்டணத்தைப் போல ஏழு மடங்கு. இரண்டாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம் என்று காத்திருந்தால் முதலாண்டுக்கும் சேர்த்துத்தான் வாங்குவார்கள். ஓராண்டு அவகாசம் வாங்க இது நல்ல வழி. மூன்றாண்டு தங்குவதற்கு இது வீடாகாது.

மூன்றாவதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். ஓர் அலுவலகத்தில் புதிய மடிக்கணினியை, அதைப் பயன்படுத்தப் போகிறவரின் சொந்த மின்னஞ்சல் கணக்கிலேயே தொடங்கிக் கொடுத்துவிட்டேன். அவசரம். வட்டு தானாகவே மறையாக்கம் ஆனது. அதைத் திறக்கும் மீட்புச் சாவி அவருடைய சொந்தக் கணக்கில் போய் உட்கார்ந்தது. ஓராண்டு கழித்து அவர் மனக்கசப்போடு விலகினார். அடுத்த மாதமே தாய்ப்பலகை பழுதாகி, மாற்றியபோது கணினி சாவியைக் கேட்டது. அவர் நல்ல மனிதர். இரண்டு நாள் காக்க வைத்துவிட்டுத் தந்தார். தராமல் போயிருந்தால்? இயங்குதளத்தின் மேல் பழி போட இதில் இடமில்லை, தவறு என்னுடையது. அதற்குப் பிறகு எந்தக் கணினியையும் நிறுவனக் கணக்கு இல்லாமல் தொடங்குவதில்லை.

எல்லோரும் ஒரே ஏற்பாட்டில் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. பிழை விண்டோஸினுடையது இல்லை. ஆயினும் பல இடங்களில் ஒவ்வொரு கணினியாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. அன்று வேறு இயங்குதளத்தில் ஒரே ஒரு கணினி வைத்திருந்தவர் கூட வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலாவது அனுப்ப முடிந்திருக்கும்.

எப்போது விண்டோஸ்: கணக்கு மென்பொருளோ, சிக்கலான எக்செல் மேக்ரோவோ (வேலையைத் தானாகச் செய்யும் குறுநிரல்), மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் தரவுத்தளமோ, தனிக் கருவியோ இருக்கும் மேசைக்கு. விவாதமே வேண்டாம்.

## மேக்

கூட்டாளி மேக் கேட்பது பெரும்பாலும் அழகுக்காகத்தான் இருக்கும். அதற்காக அவர் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். வன்பொருளும் இயங்குதளமும் ஒரே கையிலிருந்து வருவதால் டிரைவர் தகராறு குறைவு. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சில்லு வந்ததிலிருந்து, மின்கலம் நாள் முழுக்கத் தாங்குகிறது. பழைய மேக்குக்கு மறுவிற்பனையில் நல்ல விலை கிடைக்கிறது. நான்காண்டுக் கணக்குப் பார்த்தால் ஊழியர்களுக்குத் தந்த மேக்குகள் மற்ற கணினிகளைவிடக் குறைந்த செலவில் முடிந்தன என்று ஐபிஎம் நிறுவனம் 2016-இல் சொன்னது. பல ஆயிரம் கணினிகளைத் தானியங்கி முறையில் நிர்வகிக்கும் நிறுவனத்தின் கணக்கு அது. பதினான்கு கணினிக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. இருந்தாலும் 'மேக் என்றாலே வீண்செலவு' என்பவர்களிடம் சொல்லலாம்.

செலவு ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. நினைவகத்தைப் பின்னாளில் கூட்ட முடியாது. மடிக்கணினிகளில் சேமிப்பும் அப்படியே. வாங்கும் நாளிலேயே ஐந்தாண்டுத் தேவையைக் கணித்துக் காசு கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் நினைவகத்துக்கு ஆப்பிள் கேட்கும் விலை சந்தை விலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. பழுது ஏற்பட்டால் தெருமுனைக் கடையில் ஓர் உறுப்பை மாற்றிக்கொண்டு போகும் வழக்கமும் இங்கே குறைவு.

பழையதைக் கைவிடுவதில் ஆப்பிளுக்குத் தயக்கமே இல்லை. 2019-இல் வந்த கேட்டலினா பதிப்போடு 32-பிட் மென்பொருள்கள் அனைத்தும் ஒரேயடியாக நின்றன. இன்டெல் சில்லுள்ள மேக்குகளுக்கு டாஹோ பதிப்பே கடைசி என்று 2025-இல் அறிவித்துவிட்டார்கள். மலிவாக வருகிறதே என்று பழைய இன்டெல் மேக்குகளை மொத்தமாக வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு வரிக்காகவாவது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று ஆப்பிள் முன்கூட்டியே தேதி போட்டு எழுதித் தருவதும் இல்லை. அண்மைய மூன்று பதிப்புகளுக்குத் திருத்தம் வருவது நடைமுறையில் நாம் கண்ட வழக்கம், அவ்வளவுதான்.

"மேக்கிலேயே விண்டோஸை ஓட்டலாமே?" இந்தக் கேள்வி வராத நாளில்லை. இன்டெல் காலத்தில் அதற்கென்றே பூட் கேம்ப் என்ற வசதி இருந்தது. ஆப்பிளின் சொந்தச் சில்லுகளில் அது கிடையாது. பாரலல்ஸ் போன்ற மென்பொருளுக்குள், ஆர்ம் வகைச் சில்லுகளுக்கான விண்டோஸ் 11-ஐ ஓட்டலாம். அதற்கு அந்த மென்பொருளின் கட்டணம் ஒன்று, விண்டோஸ் உரிமம் ஒன்று என்று இரண்டு செலவு. பெரும்பாலான மென்பொருள்கள் அதில் ஓடிவிடும். கருவிகளின் டிரைவர்தான் காலை வாரும். ஆர்ம் வகைக்குத் தனி டிரைவர் வேண்டும், பல தயாரிப்பாளர்கள் அதை எழுதவே இல்லை. எக்செல் மேக்கிலும் உண்டு. ஆக்டிவ்எக்ஸ் போன்ற விண்டோஸ் உறுப்புகளை நம்பும் மேக்ரோக்கள் அங்கே நின்றுவிடும். ஆக்சஸ் மேக்குக்கு வந்ததே இல்லை.

விலகும் ஊழியர் கதை இங்கும் உண்டு. அவருடைய சொந்த ஆப்பிள் கணக்கில் கணினி பூட்டப்பட்டிருந்தால், நிறுவனத்தின் கையில் மிஞ்சுவது விலையுயர்ந்த அலுமினியத் தட்டு. நிறுவனங்களுக்கான ஆப்பிளின் பதிவுச் சேவை இலவசம்தான். முதல் நாளே அதில் சேர்த்துவிடுங்கள்.

எப்போது மேக்: வடிவமைப்பு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, ஐபோன் செயலி உருவாக்கம் ஆகிய வேலைகளுக்கு. கடைசி வேலைக்கு வேறு வழியே இல்லை, அதற்கான எக்ஸ்கோடு மென்பொருள் மேக்கில் மட்டுமே ஓடும். நாள் முழுக்க வெளியில் அலைபவருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

## லினக்ஸ்

அக்கா மகன் சொல்வது பொய்யில்லை. லினக்ஸின் வகைகளான உபுண்டு, டெபியன், மின்ட் எதற்கும் உரிமக் கட்டணம் கிடையாது. விண்டோஸ் 11 வாசலில் நிறுத்திய அதே கணினியில் எட்டு ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி வட்டும் இருந்தால் நிம்மதியாக ஓடும். ஆயுள் விஷயத்திலும் லினக்ஸ் நாணயமானது: உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு புதுப்பிப்பு; கட்டண வழியில் பத்தாண்டு. அலுவலகத்துக்கு இந்த நீண்டகாலப் பதிப்புகளை மட்டும் எடுங்கள். வாரந்தோறும் புதிது புதிதாக மாறும் பதிப்புகள் அக்கா மகனின் மடிக்கணினியில் இருக்கட்டும்.

அரசுகள் லினக்ஸுக்கு மாறிய கதைகளில் ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2003-இல் முடிவெடுத்தார்கள். சுமார் 15,000 கணினிகளை மாற்றி 2013-இல் வேலை முடிந்தது என்றார்கள். 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. "பார்த்தீர்களா, லினக்ஸ் தோற்றது" என்று ஒரு சாரார், "அரசியல் தோற்கடித்தது" என்று இன்னொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் நான் இதைவிட அதிகம் கற்றது பிரான்சின் ஜாந்தர்மரி காவல் படையிடமிருந்து. அவர்கள் 2005-இல் இயங்குதளத்தைத் தொடவே இல்லை. விண்டோஸிலேயே இருந்துகொண்டு ஆபீஸ் மென்பொருளை இலவசமான ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றினார்கள். அடுத்து உலாவியும் மின்னஞ்சலும் ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் ஆயின. 2008-இல்தான் உபுண்டுவுக்கு நகரத் தொடங்கினார்கள். அதற்குள் ஊழியர்களின் கண் பழகியிருந்தது. தினமும் திறப்பவையெல்லாம் முன்போலவே இருந்தன, அடியில் இருந்த தளம் மட்டும் மாறியது. இன்றும் அவர்கள் லினக்ஸில்தான் இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் 2024-இல் 30,000 கணினிகளுக்கு அறிவித்த திட்டத்தில் இலவச ஆபீஸ் மென்பொருளான லிப்ரே ஆபீஸை முதலிலும் லினக்ஸைப் பின்னாலும் வைத்திருக்கிறது.

காவல் படைக்குப் பொருந்தியது ஐந்து பேர் அலுவலகத்துக்கும் பொருந்தும். நாளைக்கே விண்டோஸில் லிப்ரே ஆபீஸை நிறுவுங்கள். ஆறு மாதம் அதில் வேலை செய்யுங்கள். எந்தக் கோப்பு கோணலாகிறது, எந்த மேக்ரோ சாகிறது என்று அப்போதே தெரியும். கெட்டுப் போனாலும் பழைய மென்பொருள் பக்கத்திலேயே இருக்கும்.

இலவசத்துக்குள் இருக்கும் செலவு என்ன? முதலில் ஆள். லினக்ஸ் தெரிந்தவரின் மணிநேரக் கூலி அதிகம், அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்தவரைத் தேடும் காலமும் அதிகம். அடுத்தது கருவிகள். ஓர் அலுவலகத்தில் ஒன்பது கணினிகளை ஒரே வார இறுதியில் உபுண்டுவுக்கு மாற்றி, திங்கட்கிழமை மதியம் வரை பெருமையாகத் திரிந்தேன். மதியம் பொட்டலக்காரர் வந்தார். முகவரிச் சீட்டு அச்சிடும் கருவி வரியை நடுவில் வெட்டி வெட்டித் துப்பியது. தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டேன், லினக்ஸ் டிரைவர் தருவதில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஒரு மேசையை மறுபடி விண்டோஸாக்கினோம். மற்ற எட்டும் இன்றுவரை சிணுங்கவில்லை. பட்டியல் போடும்போது அந்தக் கருவி மேசைக்கடியில் இருந்தது, நான் குனிந்து பார்க்கவில்லை.

அடோபியின் வடிவமைப்பு மென்பொருள்கள் லினக்ஸுக்குக் கிடையாது. வைன் என்ற மென்பொருள் மூலம் லினக்ஸில் விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டும் வழி 1993-லிருந்து இருக்கிறது, வியக்கத்தக்க உழைப்பு அது. ஆயினும் பில் போடும் மென்பொருளை அதன் மேல் உட்கார வைக்காதீர்கள். இன்று ஓடுவது அடுத்த புதுப்பிப்புக்குப் பிறகும் ஓடும் என்று சொல்ல யாரும் பொறுப்பில்லை.

இலவசம் என்பதால் முடிவுகள் நம் கையில் இருக்கும் என்ற மயக்கமும் வேண்டாம். சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பிப் பல நிறுவனங்கள் கட்டமைத்திருந்தன. 2021 இறுதியோடு முடித்துக்கொள்கிறோம் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் இரண்டும் அந்த இடைவெளியில் பிறந்தவை. ஒரு கதவு மூடினாலும் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது லினக்ஸின் சிறப்பு. வெளியேறும் வழி என்ற அளவுகோலில் இதற்கு நான் முழு மதிப்பெண் தருவது அதனால்தான்.

எப்போது லினக்ஸ்: உலாவி, மின்னஞ்சல், ஆவணம் ஆகிய மூன்றோடு வேலை முடியும் மேசைகளுக்கு, நிரல் எழுதுபவர்களுக்கு, வன்பொருள் நன்றாக இருந்தும் விண்டோஸ் 11 மறுக்கும் கணினிகளுக்கு. எல்லாவற்றுக்கும் நிபந்தனை ஒன்றுதான்: பழுது பார்க்கப் பெயர் சொல்லும்படி ஓர் ஆள் இருக்க வேண்டும்.

சர்வர் வேறு கதை. அங்கே நான் லினக்ஸிலிருந்து தொடங்கி, விண்டோஸ் ஏன் வேண்டும் என்று காரணம் கேட்பேன். விண்டோஸ் சர்வருக்குச் சர்வர் உரிமம் தவிர, அதை அணுகும் ஆளுக்கோ கருவிக்கோ தனி அணுகல் உரிமமும் வேண்டும் என்பது விலைப்பட்டியலின் அடிவரியில்தான் பலர் கண்ணில் படுகிறது.

## குரோம் ஓஎஸ்

இது கூகுளின் இயங்குதளம். கூட்டாளியும் அக்கா மகனும் இதைச் சொல்லவில்லை, நான் சேர்க்கிறேன். எல்லா வேலையும் உலாவிக்குள்ளேயே நடக்கும் அலுவலகம் என்றால் இதைவிடத் தொந்தரவு குறைந்தது இல்லை. 2021 முதல் வெளிவந்த குரோம்புக் மடிக்கணினிகளுக்குப் பத்தாண்டு தானியங்கிப் புதுப்பிப்பு உண்டு, தேதி போட்டே தருகிறார்கள். ஒன்று உடைந்தால் இன்னொன்றில் நுழைந்தால் போதும், எல்லாம் அங்கே இருக்கும். பழைய கணினிகளில் நிறுவ ஃபிளெக்ஸ் என்ற இலவசப் பதிப்பு இருக்கிறது; அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது.

ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்க ஒவ்வொரு கணினிக்கும் தனி உரிமம் வாங்க வேண்டும். இணையம் படுத்தால் வேலையும் ஏறக்குறைய படுத்துவிடும். தரவு முழுதும் ஒரே நிறுவனத்தின் கையில். குரோம் ஓஎஸையும் ஆண்ட்ராய்டையும் ஒன்றாக்கப் போவதாகக் கூகுள் சொல்லியிருப்பதால், புதிதாக மொத்தக் கொள்முதல் செய்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

எப்போது குரோம் ஓஎஸ்: வரவேற்பு மேசை, அழைப்பு மையம், தற்காலிக ஊழியர்கள்.

## ஒரு பார்வையில்

| | விண்டோஸ் | மேக் | லினக்ஸ் | குரோம் ஓஎஸ் |
|---|---|---|---|---|
| மென்பொருள் | ஏறக்குறைய எல்லாம் | வடிவமைப்பில் வலு, கணக்கில் மெலிவு | உலாவி, ஆவணம், நிரலாக்கம் | உலாவி மட்டும் என்று எண்ணுங்கள் |
| கருவிகள் | கவலையில்லை | சோதிக்கவும் | கட்டாயம் சோதிக்கவும் | பிரிண்டரோடு நிறுத்துங்கள் |
| பழுது பார்ப்பவர் | எங்கும் | குறைவு, விலை அதிகம் | தேட வேண்டும் | தேவையே அரிது |
| ஆயுள் | தேதி உண்டு | எழுத்தில் இல்லை | 5 ஆண்டு, கட்டினால் 10 | 10 ஆண்டு |
| ஒளிந்த செலவு | ப்ரோ உரிமம், புது வன்பொருள் | முன்கூட்டியே வாங்கும் நினைவகம் | ஆள், டிரைவர் | நிர்வாக உரிமம், இணையம் |
| வெளியேற்றம் | நடுத்தரம் | நடுத்தரம் | எளிது | தளம் எளிது, தரவு கடினம் |

அட்டவணையை மட்டும் படித்து முடிவெடுக்காதீர்கள். கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக நிறைய வெட்டியிருக்கிறேன்.

## மாற்றும் முன் ஒத்திகை

கணினி ஆர்வம் அதிகம் உள்ளவரை முதல் ஆளாக வைத்துச் சோதிக்காதீர்கள். அவர் எல்லாவற்றையும் தானே சரிசெய்துகொண்டு "அருமை" என்பார். மிகவும் முணுமுணுப்பவரிடம் கொடுங்கள். அவர் தரும் குறைப்பட்டியலுக்கு ஆலோசகர்கள் பணம் வாங்குவார்கள். ஒத்திகைக்குள் ஒரு மாதக் கடைசியாவது வர வேண்டும். லினக்ஸையும் குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸையும் யுஎஸ்பி குச்சியிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், வட்டில் எதுவும் மாறாது. மாற்றிய பின்னும் பழைய வட்டைத் துடைக்காமல், பெயரும் தேதியும் எழுதி மூன்று மாதம் அலமாரியில் வையுங்கள். புது வட்டின் விலை அதற்கான காப்பீடு.

## அந்தப் பதினான்கு கணினிகள்

கடிதம் எழுதியவரிடம் மேசைவாரியாகப் பட்டியல் கேட்டு வாங்கினேன். கணக்கில் மூவர், அவர்கள் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும். வடிவமைப்பில் இருவர். மின்னஞ்சலும் ஆவணமும் உலாவியும் போதும் என்பவர்கள் ஏழு பேர். வருகைப்பதிவுக் கருவியோடு ஒரு கணினி. கடைசியாக அவருடைய சொந்தக் கணினி.

விண்டோஸ் 11-ஐ ஏற்கும் ஆறு கணினிகள் இப்போது அந்த ஏழு பேரிடமும் வடிவமைப்பாளர்களிடமும் சிதறிக் கிடந்தன. கணக்குப் பிரிவிலோ பழையவை. அந்த ஆறில் மூன்றைக் கணக்குக்கும் ஒன்றை வருகைப்பதிவுக்கும் ஒன்றை அவருக்கும் மாற்றச் சொன்னேன். வடிவமைப்பாளர்கள் இருவருக்கு மட்டும் புது மேக். கூட்டாளியின் ஆசையும் அதோடு தீர்ந்தது. மிஞ்சியது விண்டோஸ் 11 ஏற்கும் ஒன்றும் பழைய எட்டும். ஏழு மேசைகளில் ஒன்றுக்கு அந்த ஒன்று. பழைய எட்டில் நல்லவையாக ஆறைப் பொறுக்கி எஸ்எஸ்டி வட்டு போட்டு உபுண்டு ஏற்றலாம், இரண்டு உதிரிபாகத்துக்கு. புதிதாக வாங்குவது இரண்டே கணினிகள்.

லிப்ரே ஆபீஸ் பழக ஆறு மாதம் வேண்டுமே, அதுவரை அந்த ஆறு கணினிகளும் பாதுகாப்பில்லாமல் இருக்குமே என்று கேட்டார். சரியான கேள்வி. அந்த ஆறுக்கு மட்டும் ஓராண்டுக் கட்டணப் புதுப்பிப்பு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா மகனிடம், பழுது பார்க்கும் ஆளாகத் தன் பெயரை எழுதித் தருவானா என்று கேட்கவும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றானாம். அவன் பதில் வரும்வரை உபுண்டுவைத் தொட வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.